தக்கடா தங்கவேலு அண்ணன்

வாங்கண்ணே, வாங்கண்ணி. சொகமா இருக்கீங்களா? தாப்பாவுலேருந்து மலையேறி வந்தீங்களா? அந்த வளைவுல அண்ணிக்குத் தல சுத்தியிருக்குமே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இப்புடி கொழுந்து நிறுக்கிற எடைக்கொட்டாயில ஒதுங்கி உக்காருங்க, மழை வரப் போவுது. புள்ளைங்க நல்லாருக்கா? பெரியவனுக்கு வேல கெடச்சிருச்சா?

திருவிழாவுக்குன்னு வந்திருக்கீங்க, மேளத்தக் காணோமேன்னு பாக்குறீங்க. நின்னு போச்சுண்ணே. காலையில நான் பந்தலுக்கு மாவெலை கட்டிக்கிட்டு ஏணியில நிக்கிறேன், கீழ் லயத்து வீட்டுலேருந்து சரோஜா அக்கா கொரலு. அழுவல, கத்தல. "யாராச்சும் வாங்களேன்"னு மட்டுந்தான். அவங்க வீட்டுக்காரரு, லோரி தங்கவேலு அண்ணன், போயிட்டாரு. தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாராம், கோப்பையக் கீழ வெச்சாராம், அப்புடியே செவுத்துல சாஞ்சிட்டாராம்.

ஏணிய விட்டு எறங்கினேன். ஆனா போவலண்ணே. இந்தா பாருங்க கைய. மஞ்சத்துணி. காப்பு கட்டியாச்சு. காப்பு கட்டுன கை எஸ்டேட் எல்லையத் தாண்டக்கூடாது, சாவு வீட்டு வாசல மிதிக்கக்கூடாது. இங்க இருக்கிற ஆம்பள அத்தன பேரு கையிலயும் இது கெடக்கு. கட்டாத கை ஒரே ஒரு கைதான், அது இப்ப பெட்டிக்குள்ள கெடக்கு. பொதைக்கிற காட்டுக்குப் போற பாதை செங்குத்து, வண்டி ஏறாது. நாலு தோளு வேணும். எங்கேருந்து வரும்? உங்க வயசுக்கும் அந்த ஏத்தம் ஆவாதுண்ணே.

நான் பாட்டுக்குப் பேசுறேன், அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. எஸ்டேட் லோரி ஓட்டுனவரு. தேயில மூட்டைய ஏத்திக்கிட்டு தாப்பா ரோட்டுல அவரு போற போக்க நீங்க பாக்கணும், சாமான் சட்டி ஆடாது. புது லோரி வந்தப்ப ஆபீசுல கணக்கெழுதுற கிராணியாரு டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு, "ஏத்துப்பா"ன்னாரு. அண்ணன் குனிஞ்சு பழத்த எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. "நசுக்குனா வீணாப் போயிரும்ங்க. சரோஜா ஊறுகா போடுவா."

கிராணி மொகத்துல ஈயாடல. ஊறுகா போட்டு அக்கா வீடு வீடாக் கொடுத்துச்சு, ஒருத்தரும் வாயில வைக்கல. நான் வெச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, உப்பு கொஞ்சம் தூக்கல். இந்தக் குளிருல ஊறுகா லேசுல ஊறாதுண்ணி, வெயில் எங்க இருக்கு இங்க? எங்கம்மா ஜாடிய அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விடும், பொகைய வாங்கி வாங்கி அது ஒரு தனி ருசி... எங்க விட்டேன்? ஆங், லோரி.

தானா ராத்தா டவுனுக்கு சாமான் வாங்கப் போற பொம்பளைங்க அந்த லோரியில ஏறவே பயந்தாங்க. சாமி படம் இல்லாத வண்டி, பள்ளத்துல விட்டுருவான்னு. யாரோ சீட்டுக்கு அடியில துந்நூறு பொட்டலத்த ஒளிச்சு வெச்சுட்டாங்க. ஒரு நாளு கழுவும்போது அண்ணன் கையில மாட்டிக்கிச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறோம். பொட்டலத்தத் தொடச்சு, எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சாரு. "லோரிக்குப் பயம் இல்ல. உங்களுக்கு இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்"னாரு.

அவரு வீட்டுலயே சாமி மாடம் உண்டு, தெரியுமா? சரோஜா அக்கா வெளக்கு ஏத்தாத நாளு கெடையாது. கேட்டா, "பலகைக்கு ஆணி அடிச்சது நானு. மேல இருக்கிறவங்க அவளுக்கு வேண்டியவங்க"ன்னு சிரிப்பாரு.

தக்கடாங்கிற பேரு எப்புடி வந்துச்சுன்னு சொல்லணும். எழுவத்தி நாலோ அஞ்சோ, காட்டுக்குள்ள கம்யூனிஸ்டு இருக்கான்னு ரோட்டுல பட்டாளத்துக்காரங்க நிறுத்திப் பாக்குற காலம். லோரிக்குப் பின்னால நாங்க ஒரு கூட்டம். ஒரு சின்னப் பட்டாளத்துக்காரன், மீசகூட மொளைக்கல, அண்ணன்கிட்ட பேரு கேட்டான், ஊரு கேட்டான், கடைசியா மலாய்ல "அகாமா?"ன்னான். மதம் என்னன்னு. இவரு சாதாரணமா, "தக் அடா"ன்னுட்டாரு. இல்லையாம்! மதம் இல்லையாம்! துப்பாக்கி வெச்சிருக்கிறவன்கிட்ட போயி!

அவன் திரும்பி இன்னொருத்தனப் பாத்தான். பின்னாலேருந்து பொம்பளைங்க அத்தன பேரும் ஒண்ணாக் கத்துனாங்க, "இந்து துவான், இந்து! அந்த ஆளு சும்மா வெளையாடுறாரு!" அவன் சிரிச்சுட்டு கைய ஆட்டி விட்டுட்டான். நாலு வளைவு தாண்டி அண்ணன் வண்டிய ஓரம் கட்டுனாரு. கோவமாத்தான் எறங்குனாரு. ஆனா நாங்க நடுங்கிக்கிட்டு இருந்ததப் பாத்ததும் கொரலு எறங்கிப் போச்சு. "கேட்டான், உள்ளதச் சொன்னேன். உங்க உசுரையும் சேத்து வெச்சு சொல்றோம்னு அப்ப தோணல. தப்புதான்."

அன்னையிலேருந்து தக்கடாதான். சின்னப் புள்ளைங்கள்லேருந்து கள்ளுக்கடை வரைக்கும், "தக்கடா வர்றான்டோய், சாமிய மறைச்சு வையி!" கேலியோட போயிருந்தா பரவால்ல. சாமி இல்லேங்கிறவன் காட்டுல இருக்கிறவன் ஆளுதான்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. கல்யாணப் பந்தியில அவரு உக்காந்தா பக்கத்து எலைக்காரன் மெல்ல எந்திரிச்சுப் போயிருவான். அவரு அந்தக் காலி எலைய ஒரு பார்வ பாப்பாரு, அப்புறம் குனிஞ்சு சாப்புடுவாரு.

இதே மாதிரி ஒரு திருவிழா. இதே மாதிரி காப்பு. கண்ணையன் பொண்டாட்டி லெச்சுமிக்குத் தலைச்சன் பிரசவம், புள்ள குறுக்க நிக்கிது. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவணும், போனா எல்லையத் தாண்டணும். கோயில் தலைவரு, தோட்டத்துல வேல வாங்குற மண்டோர் சங்கிலி, "ஆத்தா பாத்துக்குவா, கொஞ்சம் பொறுங்க"ங்குறாரு. கண்ணையன் தீமிதிக்கு வெரதம் இருக்கிறவன், கையில கெடக்குற மஞ்சத்துணியவே பாத்துக்கிட்டு நிக்கிறான். உள்ள அந்தப் பொண்ணு அலறுது. அண்ணன் லோரிய வீட்டு வாசல்ல கொண்டாந்து ஒட்டி நிறுத்துனாரு.

"கட்டுனவங்க எல்லாம் இங்கயே இருந்து வேண்டிக்குங்க. கட்டாதவன் ஓட்டுறேன்."

பொழச்சாங்கண்ணே, தாயும் புள்ளையும். மண்டோர் என்ன சொன்னாரு தெரியுமா? "ஆத்தாதான் தக்கடா ரூபத்துல போயிருக்கா"ன்னாரு. அண்ணனுக்கு வந்துச்சே கோவம்! "ஸ்டீரிங் புடிச்சுத் தோளு கழண்டது எனக்கு, பேரு அவளுக்கா!" ஊரே சிரிச்சுச்சு. அதோட எல்லாம் மாறிப் போச்சுன்னு நெனைக்கிறீங்களா? அடுத்த வருசப் பந்தியிலயும் பக்கத்து எல காலிதான்.

அவரு ஆடிப் போயி நான் பாத்தது ஒரே ஒரு தடவ. மக மலருக்கு பீடோர்ல மாப்புள பேசி, வெத்தல பாக்கு மாத்துற நேரம். இங்கேருந்து யாரோ போயி, "அது சாமியில்லாத வீடு"ன்னு ஊதிட்டான். நின்னு போச்சு. மண்டோர் கூப்புட்டு, "வெள்ளிக்கெழம பூசைக்கு வா, எல்லாரு முன்னாடியும் துந்நூறு வாங்கிப் பூசு, நானே பீடோர் போயி பேசி முடிக்கிறேன்"னாரு.

வந்தாருண்ணே. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, செருப்ப வெளிய வுட்டுட்டு. இந்தக் குளிருல அவரு கழுத்தெல்லாம் வேர்வ. பூச வைக்கிற பண்டாரம் துந்நூறு தட்டக் கொண்டு வந்தாரு. கைய நீட்டிட்டாரு அண்ணே, நீட்டிட்டாரு. பின்னாலேருந்து மலரு வந்து அந்தக் கைய மூடுச்சு. "வேணாம்ப்பா. எனக்காகப் பொய் நெத்தியோட வீட்டுக்கு வராதீங்க."

அப்பனும் மகளும் போயிட்டாங்க. செருப்ப மறந்துட்டாரு. நான் எடுத்துக்கிட்டுப் போயி வாசல்ல வெச்சேன். "மாரி, ஒருத்தனையாவது கும்புடாதடான்னு நான் சொல்லியிருக்கேனா? எனக்கு மட்டும் ஏன்டா இந்தப் பரிச்ச?"ன்னாரு. அப்புறம் மலரு கியா பார்ம்ல பூத்தோட்டம் வெச்சிருக்கிற ரவியக் கட்டுச்சு. அந்தப் பையன் பொண்ணு பாக்க வந்தப்ப கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "நல்லா வாய் விட்டுச் சிரிக்குமா?"

இப்ப பாருங்க. காலையில மண்டோர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு சரோஜா அக்காகிட்ட சொல்றாரு: "எனக்கும் வருத்தந்தான்மா. தேவாரம் படிச்சு, கொடம் ஒடச்சு, மொறையா செய்யுறதா இருந்தா ரிங்லெட்டுக்கு போன் போட்டு நாலு பேர வரச் சொல்றேன். இல்லாட்டி நீங்களே பாத்துக்குங்க. பொணம் எடுத்தாத்தான் மேளம்."

அக்கா முந்தானையால மொகத்தத் தொடச்சுச்சு. "நான் கும்புடுறவதாங்க. ஆனா அவரு ஒண்ணும் வேணாம், மண்ணு மட்டும் போதும்னு சொல்லிட்டாரு. உசுரோட இருக்கிறப்ப நீங்க அவரு வாயக் கட்ட முடியல. செத்ததும் நான் கட்டவா?"

அவ்வளவுதான். மண்டோர் போயிட்டாரு.

மருமகன் ரவி வந்துட்டான், அது ஒரு தோளு. லெம்பா பெர்த்தாம்ல முட்டக்கோசு போடுற சீனன் ஆ சோங்கு, அண்ணனோட லோரிக் கூட்டாளி, அவனும் வந்துட்டான். தோ அவரு வீட்டு வாசல்ல அந்த நீலக் கித்தானுக்குக் கீழ நிக்கிறான் பாருங்க, சட்டப் பித்தான மாத்திப் போட்டுக்கிட்டு. மேகம் எறங்குது. மழை புடிச்சுட்டா அந்தப் பாதையில களிமண்ணு, அப்புறம் ஒருத்தரும் ஏற முடியாது, பெட்டி ராத்திரி பூரா கெடக்கணும்.

நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னு கேக்குறீங்க. வாயால கேக்கல, கண்ணு கேக்குது. எம் மருமக மாசமா இருக்காண்ணே, எட்டு முடிஞ்சிருச்சு. "காப்போட அந்த வாசல மிதிச்சீங்கன்னா, வயித்துல இருக்கிறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்"னுட்டா என் வீட்டுக்காரி. நான் கும்புடுறவன்ணே. ஆத்தாவுக்குப் பயந்தவன். அண்ணன் மாதிரி தைரியம் எனக்குக் கெடையாது. ரெண்டு தடவ எந்திரிச்சேன், ரெண்டு தடவ உக்காந்துட்டேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க.

அது யாரு போறது? கண்ணையனா? கண்ணையன்தான். காப்புக் கைய கால்சட்டப் பைக்குள்ள விட்டுக்கிட்டு... வாசப்படி ஏறிட்டாண்ணே! உள்ள போயிட்டான்! ஆத்தா, அவனுக்கு ஒண்ணும் செஞ்சுறாத.

தூக்குறாங்க. மூணு மூல மேல வந்துருச்சு, ஒரு மூல மண்ணுல கெடக்கு பாருங்க. இப்புடி ஒரு மனுசன நான் எப்புடி வழியனுப்புறது? 'போயிட்டு வாங்கண்ணே'ன்னு சொல்ல வாய் வருது. சொன்னா, "போனவன் எப்புடிடா வருவான், யோசிச்சுப் பேசு"ன்னுவாரு. அண்ணே, நல்லபடியா ஓட்டுனீங்க. எங்கள ஒரு பள்ளத்துலயும் விடல. பக்கத்து எலையில உக்காராம எந்திரிச்சுப் போனவங்களையும் சேத்துதான் கொண்டாந்து வீட்டுல எறக்குனீங்க. இனிமே நீங்க...

"மாமா! மாரி மாமா! ஒரு தோளு கொறையுது, வர்றீங்களா இல்லியா?"

தோ வர்றேண்டா, கண்ணையா! கீழ வெச்சுறாத, வந்துட்டேன்! அண்ணே, இந்தக் கொடைய வெச்சுக்குங்க. மருமகளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? நீங்க பெரியவங்க, சொல்லுங்கண்ணே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும்...