கரடிக்கு எந்தத் துவக்கு

நேற்று மனைவி தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், ஜெர்மனியின் ஹம் நகரில் நான் வேலை பார்த்த வேட்டைக்கடைக்குள் போய் நின்றேன். துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி வந்தவன், துவக்குத் துடைத்துச் சம்பளம் வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் துடைத்தேன்.

எண்ணெய் வாசத்தோடு ஈரத் தோல், நனைந்த நாய் எல்லாம் சேர்ந்து வரும். வருபவர்கள் பன்றிக்கும் மானுக்கும் துவக்குக் கேட்பார்கள். கரடிக்கு என்று கேட்டு வந்தவர் தேவன் அண்ணை ஒருவர்தான். பீலெஃபெல்டில் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர்; நம்மவர்களில் வேட்டை உரிமம் எடுத்த அபூர்வப் பிறவி. வேலைத்தள நண்பர்களோடு கனடாவுக்குக் கரடி வேட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, கடையில இருக்கிறதிலயே பெரிசைக் காட்டும். சின்னனைக் கொண்டு போனால் அவங்கள் சிரிப்பாங்கள்.”

கல்யாண மண்டபம் பிடிப்பதுபோல் துவக்குப் பிடிக்க வந்திருந்தார். யானை சுடும் துவக்கைத்தான் தூக்கினார். முதலாளி அம்மா ஜெர்மன்காரி. எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். தோட்டாக்களுக்கு நடுவே, வெடிக்காத பொய்த் தோட்டா ஒன்றை, சுடுபவருக்குத் தெரியாமல் வைப்பது அம்மாவின் வழக்கம்.

இரண்டு வெடி காதைப் பிளந்தது. மூன்றாவது ‘டிக்’ என்றது. ஆனாலும் குழல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது; அண்ணையின் கண்கள் இறுக மூடியிருந்தன.

“துவக்கு உதைக்க முன்னமே பயந்திட்டியள் அண்ணை. கரடி முன்னால நிண்டாலும் வெடி நிலத்துக்குத்தான் போகும். இது வேண்டாம்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். வாங்க வந்தவரைத் தடுக்கிற விற்பனையாளன்! முதலாளி அம்மா என்ன சொன்னாய் என்று கேட்டார், டொச் மொழியில் சொன்னேன். தலையாட்டினார்.

“உமக்கு நல்ல நக்கல்,” என்றார் அண்ணை. முகம் சிவந்திருந்தது. என்றாலும், இங்குள்ள வேட்டைக்காரர்கள் தலைமுறையாகத் தூக்கும் ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் துவக்கைக் கையில் வாங்கினார். கரடியை விழுத்தவும் காணும், தோளும் தாங்கும். நாலு சனிக்கிழமை சுட்டுப் பழகினார். பிறகு பொய்த் தோட்டா வந்தபோது குழல் அசையவில்லை.

வேட்டை முடிந்து, இலையுதிர் காலத்தில் கடைக்கு வந்தார்.

“கரடி பதினைஞ்சு அடியில எழும்பி வந்தது. வழிகாட்டி இடறி விழுந்திட்டான். ஒரே வெடி. பெரிசைக் கொண்டு போயிருந்தா, இண்டைக்கு என்ர படத்துக்கு மாலை போட்டிருப்பியள்.”

“அவங்கள் சிரிச்சவங்களோ அண்ணை?”

“எங்க சிரிக்கிறது? எல்லாரும் எனக்குப் பின்னால நிண்டவங்கள்.”

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். துவக்கைக் கணினித் திரையில் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். பெட்டியில் வீட்டுக்கு வருகிறது. எடை, நீளம், உதை எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. ‘அண்ணை, இது உங்களுக்குச் சரிவராது’ என்று சொல்ல, அந்தப் பெட்டிக்குள் ஆளில்லை.