இரைச்சல் எடுக்கும் கடை

திருப்பூரில் பனியன் தைக்காத சிலரில் நானும் ஒருவன். பழைய கேசட் பாட்டுகளின் இரைச்சலை நீக்கி, ஒலியைச் சீராக்கி, பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். அடுத்தவர் காதுக்கு வேலை செய்யும் எவருக்கும் என் பாடு புரியும்.

தறியும் பாட்டும்

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் பழைய பாட்டுகளைக் கொடுத்தார். கீச்சுக்குரலைக் குறைத்து, பேஸை ஏற்றினேன். என் ஹெட்போனில் தபேலா பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்டது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அவருடன் போய்த் தறிக்குடோனில் நின்று கேட்டேன். நான் ஏற்றிய பேஸ் முழுவதையும் தறிச்சத்தம் விழுங்கிவிட்டது. முன்பு அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது நான் குறைத்த அந்தக் கீச்சுக்குரல்தானாம். அவர் கோபப்படவில்லை. "முன்னெல்லாம் பாட்டாச்சும் கேட்டுச்சுங்க. இப்ப பாட்டும் என்ற தறி மாதிரியே ஓடுதுங்க" என்றார்.

ஒரே மட்டம்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி முதலாளிக்கு எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் வேண்டும். மெல்லிய இடங்களைத் தூக்கி உரத்த இடங்களோடு சேர்த்தேன். அவருக்குத் திருப்தி. அங்கே தைக்கும் திருநெல்வேலிக்காரர் மட்டும் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "பாட்டு ஒரு இடத்துலயும் மெதுவாப் பேச மாட்டேங்கு, அண்ணாச்சி. சூப்பர்வைசர் மாதிரியே இருக்கு."

பொங்கலூர் அம்மா

பொங்கலூரிலிருந்து வந்த அம்மாவின் கணவர் கோயில் நோம்பித் திருவிழாக்களில் குழுவோடு பெருஞ்சலங்கை கட்டி ஆடியவர். போன வருடம் இறந்துவிட்டார். அவர் ஆடியபோது பதிந்த கேசட் ஒன்றுதான் மிச்சம். வருடத் திதிக்குச் சொந்தபந்தம் கூடும்போது அதைப் போட வேண்டும், இரைச்சலை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பறை துல்லியமாக ஒலித்தது. அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, அவர் எங்கே என்றார். பாடினாரா என்று கேட்டேன். இல்லை, சலங்கை மட்டும்தான் என்றார். சலங்கைச் சத்தத்தையும் இரைச்சல் என்று எண்ணி என் கணினி துடைத்துப் போட்டிருந்தது.

நல்லவேளை, கேசட்டிலிருந்து ஏற்றியது அப்படியே இருந்தது. இரைச்சலோடு போட்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சமாவது குறைக்கட்டுமா என்றதற்குக் கையை அசைத்து மறுத்தார். பிறகு சிரித்தார், கண்ணில் நீரோடு. "ஒரு சலங்கை மட்டும் எல்லாத்துக்கும் பொறவு விழுகுது, கேட்டீங்களா கண்ணு? அதுதானுங்க அவரு. ஆட்டம் சொல்லிக் குடுத்த வாத்தியாரு அதுக்குத் திட்டிக்கிட்டே இருப்பாரு."

இப்போதெல்லாம் துடைத்ததையும் துடைக்காததையும் சேர்த்தே கொடுக்கிறேன். நன்றி என்னவோ துடைக்காததற்குத்தான் வருகிறது.