முதலாளி கொளுத்திப் பார்த்த மேகசின்

காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களை வாசலில் கும்பிட்டு வரவேற்பது என் உத்தியோகம். தோளில் ஒரு ரைபிளும் தொங்கும். பதினேழு வருஷம் ராணுவத்தில் கிடந்து நாயக் என்கிற சின்னப் பதவியோடு வெளியே வந்தவன் நான். பட்டுக்கடை முதலாளி, வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை மேஜர் ஆக்கிவிட்டார். "மேஜர், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துக்கினு இருக்காங்க, கதவத் தொற." செருப்புக்கு டோக்கன் கொடுத்த மேஜர் இந்தியாவிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ரைபிள் முதலாளியுடையது. உரிமத்தில் அவர் பெயருக்குக் கீழே, அதைச் சுமக்கும் ஆள் என்று என் பெயரும் உண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். அடியில் ஐந்து குண்டுகளை அடுக்கி வைக்கும் இரும்புப் பெட்டிதான் மேகசின். தேர்தல் நேரத்தில் எல்லாத் துப்பாக்கிகளையும் போல இதையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். திரும்ப வாங்கி வந்து பார்த்தால் மேகசின் ஸ்பிரிங் செத்துப் போயிருந்தது. இடைப்பட்ட நாட்களில் நான் வெறுங்கையோடு வாசலில் நின்றிருந்தேன். வியாபாரம் ஒரு புடவைகூடக் குறையவில்லை. அதை முதலாளி கவனித்திருந்தார் என்பது எனக்கும் தெரியும்.

சென்னை ஆயுதக் கடைக்காரர் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இரண்டு மேகசின்களை அனுப்பினார். ஒன்று ஸ்டீல், ஒன்று பாலிமர். எனக்கு ஸ்டீல்தான் வேண்டும். பாலிமரும் நல்ல சரக்குதான். துரு பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் என் கை இரும்புக்குப் பழகிய கை. அந்தக் கடையில் எனக்கென்று இருந்த மரியாதை ஒன்றே ஒன்று: ஏதாவது ஆகிவிட்டால் என் கையில் இருப்பது வேலை செய்யும். அதை விட்டால் நான் மீசை வைத்த கதவுதான்.

புடவை விரிக்கும் வெள்ளை மெத்தையில் இரண்டையும் வைத்தார்கள். கல்லாவில் உட்காரும் முதலாளியம்மா எழுந்து வந்து, "இதுல வேற கலர் இருக்குதா?" என்று கேட்டார். முதலாளி ஸ்டீலை எடுத்து நகத்தால் சுரண்டினார். ஜரிகையை அப்படித்தான் பார்ப்பார். அதில் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல். இதில் உள்ளேயும் இரும்பே தெரிந்ததும் "ஓகே" என்று தலையாட்டினார். பிறகு பாலிமரைக் கையில் எடுத்தார், தடவினார், விளக்குக்கு நேரே பிடித்தார். நான் ஏதோ சந்தேகப்படுவதற்குள் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பட்டுக்கு அதுதான் பரீட்சை. ஒரு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரவேண்டும், சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். உருகி உருண்டால் பாலிஸ்டர். முதலாளி தீக்குச்சியை நேராக மேகசினின் வாயில் வைத்தார், குண்டைப் பிடித்து நிறுத்தும் அந்த மெல்லிய உதட்டில். அது புகைந்து, உருகி, ஒரு மணியாகத் திரண்டது.

"உருகுது பாரு!" திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். "சுத்த டூப்ளிகேட்டுபா!"

"மொதலாளி, அது பிளாஸ்டிக்னு சொல்லித்தான் விக்கிறாங்க."

ஆயுதக் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். கருகிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். முதலாளியின் தலைக்கு மேலேயே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்ததால் அவராலும் மேற்கொண்டு பேச முடியவில்லை. முதலாளியம்மாதான் தீர்ப்பு சொன்னார்: ஸ்டீலைத் திருப்பி அனுப்பு, இதையே வைத்துக்கொள்.

டம்மி குண்டுகளைப் போட்டுக் காட்டினேன். உருகிய உதட்டில் குண்டு தலையைச் சாய்த்துச் சிக்கியது. மறுபடியும் காட்டினேன், மறுபடியும் சிக்கியது.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "ஒம்போது வருசத்துல நீ எத்தினி தபா சுட்டுருக்கிற, மேஜர்?"

"ஒரு தபாகூட இல்ல."

"அப்பறம் என்னாபா?"

செவிலிமேட்டில் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அவமானம்தான், வேறென்ன. மறுநாளும் அதே ரைபிளோடு நின்று அதே கும்பிடைப் போட்டேன்.

தை மாதம் முதலாளி மகள் கல்யாணம். பேங்க் லாக்கரிலிருந்து நகைகளை எடுத்து மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலாளி கார் ஓட்டினார், நான் பக்கத்தில், முதலாளியம்மா நகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில். நல்ல பகல் வெயில். ஊரைத் தாண்டியதும் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஒரு பைக்கில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்கள். வேகமாகப் போனால் அவர்களும் வேகம், மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக. ஹாரன் வேறு அடித்தார்கள்.

முதலாளியின் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, குரலே எழும்பாமல் கேட்டார்.

"அண்ணே, அது சுடுமில்ல?"

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக நான் மேஜர் இல்லை.

"மொதக் குண்ட நான் கையாலயே போட்டுச் சுட்டுருவேன், மொதலாளி. ரெண்டாவது உங்க தீக்குச்சி வெச்ச எடத்துல சிக்கிக்கும்."

பின்சீட்டில் பெருமாளைக் கூப்பிடும் சத்தம். முதலாளி கண்ணாடியில் தலைகளை எண்ணினார். "ரெண்டு பேரு இருக்கானுங்களேண்ணே" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

பைக் எங்கள் பக்கவாட்டுக்கு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கண்ணாடியைத் தட்டினான். நான் ரைபிளைப் பிடித்தேன். அவன் விரலைக் கீழே காட்டிக் கத்தினான்.

"அக்கா பொடவ கதவுல மாட்டிக்கினு ரோடெல்லாம் தேயுது பாருங்க சார்!"

வண்டியை ஓரம் கட்டினோம். கடையிலேயே விலை உயர்ந்த புடவை அது. ஒரு முழ முந்தானை தாரோடு தேய்ந்து நார் நாராகத் தொங்கியது. முதலாளி குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொளுத்திப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் தோளில் இருந்ததைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அந்த ஸ்டீலு இன்னும் இருக்குமாண்ணே?" என்றார்.