மாசி போட்ட சம்பல்

குன்னூர் பஸ் ஸ்டாண்டு இறக்கத்தில் ராமாத்தாள் ரொட்டிக்கடை போட்டது எழுபத்திரண்டாம் வருஷம். உட்கார்ந்து தின்ன இடம் கிடையாது. சுட்டு, இலையில் கட்டிக் கொடுப்பதோடு சரி. தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிய கனத்த ரொட்டி, மேலே ஒரு கை, தேங்காயும் மிளகாயும் இடித்த சிவப்புச் சம்பல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், அன்றாடம் தின்பது அதுதான். குன்னூருக்குப் புதுசு.

சின்ன வயதிலிருந்து கண்டிப் பக்கம் கொழுந்து பறித்தவள். புருஷனை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டுக் கப்பலேறினாள். இனிமேல் தலையில் கூடை மாட்டுவதில்லை என்று ஒரே பிடிவாதம். வேறு ஆசையே அவளுக்கு இல்லை. அதற்கும் கண் பட்டது.

சம்பலில் மாசி சேரும், காய்ந்த மீனை இடித்த தூள். ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தாள். அங்கே உப்பு, மிளகாய் மாதிரி அதுவும் ஒரு சாமான். விரதக்காரர்கள்தான் வாய்விட்டு வேண்டாம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் யாரிடமும் சொல்லாமல் விற்றாள்.

கார்த்திகையில் ஒருநாள் பழக்கடை சுடலைமுத்து வந்தார். காதுவரை மப்ளர், கழுத்துவரை ஸ்வெட்டர். உள்ளே கிடக்கிற ஐயப்பன் மாலை யார் கண்ணுக்குத் தெரியும்?

"சட்னி நல்லாருக்குதுங்க அம்மிணி. ஊட்டுக்கும் ரெண்டு கட்டுங்க" என்று தின்றபடியே சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டே திரண்டு வந்தது.

"மாலை போட்டவனுக்கு மீனைக் குடுத்துட்டியே, சிலோன்காரி!"

"தெரியாமப் போச்சு சாமி. சம்பல்னா மாசி இருக்கும்தானே" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று.

மறுநாள் டின்னைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, மாசியில்லாமல் சம்பல் இடித்தாள். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அவளைப்போல் இலங்கையிலிருந்து கப்பலில் வந்த சனம் மட்டும் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "என்னக்கா, சம்பல் செத்துப்போச்சு" என்று நகர்ந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தை பிறந்ததும் சுடலைமுத்து வந்து நின்றார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியாயிற்று.

"ஏனுங்க, அன்னைக்கு மாதிரியே ஒண்ணு குடுங்க. அந்த ருசி நாக்கை விட்டுப் போகமாட்டேங்குது."

நானாயிருந்தால் சட்டுவத்தால் ஒன்று வைத்திருப்பேன். ராமாத்தாளுக்கு அதற்கும் தெம்பில்லை.

"மாசி இங்க கிடைக்காதுங்கையா. கடல் தாண்டித்தான் வரணும்."

அவர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்துக் கடையில் போண்டா வாங்கிக்கொண்டு போனார்.

பங்குனியில் அவள் கடையை மூடிவிட்டு, சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்ட ஆபீஸில் வேலை கேட்டு வரிசையில் நின்றாள். கொழுந்து எடுத்துப் பழக்கம் உண்டா என்று பெயர் எழுதுகிறவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. சொன்னால் லயத்தில் அறை கிடையாது.

"முப்பது வருஷமுங்க" என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அப்போதே ஒரு கூடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.