முதல் பாலும் என் பையிலிருந்த ஈத்தம்பழமும்

நீர்கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் என்பார்கள். நானும் நம்பினேன். போன செவ்வாய் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தங்கை நிஸ்ராவின் மாமியார் போன் எடுத்தார். புத்தளம் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம்.

"நீங்க வந்து ஈத்தம்பழம் வெச்சாத்தான் பால். வாப்பாட எடத்துல இப்ப நீங்கதானே, மகன்" என்றவர், நான் வாயெடுக்குமுன் வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், பதில் இல்லை. நிஸ்ராவின் போன் ஓஃப்.

எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாலுக்கு முதல் மென்ற ஈத்தம்பழத்தை வாயில் தடவுவது எங்களைப் பெற்ற வாப்பாவின் வேலை. அவர் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். நிஸ்ராவின் மூத்த மகனுக்கு அவர் வந்து சேரப் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அதுவரை சீனித் தண்ணீர்தான் கொடுத்தார்கள். பிறகு அவன் தாய்ப்பாலை ஒழுங்காகப் பிடிக்கவேயில்லை. பால்மா டின்னைப் பார்த்துப் பார்த்து நிஸ்ரா அழுததை நான் கண்டிருக்கிறேன். அண்ணன் என்னை 'நானா, நானா' என்று கூப்பிட்டு, இந்த முறை பிறந்த உடனே பால் கொடுக்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதோ பிள்ளையின் பசி நான் ஏறப்போகும் பஸ்ஸின் கையில்.

ஈத்தம்பழப் பெட்டியொன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு பத்துக்கு ஏறினேன். டிக்கட் 420 ரூபா. சிலாபத்தில் துணிப் பைகளோடு ஏறிய உடப்புக் கிராமத்து அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விடாமல் போன் எடுப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"எங்கட ஊரில முந்தி சீனித் தண்ணிதான் தம்பி. மஞ்சப் பால பீச்சி ஊத்திடுவாங்க. சிலாபத்துச் சிங்கள ஆக்கள் சிலபேர் தங்கத்த உரைச்சுப் பாலோட குடுப்பாங்க. உங்கட ஆக்களுக்கு ஈத்தம்பழம். பசிச்சா எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் அழும்."

"இப்பவும் அப்படியா அக்கா?"

"இல்ல, இப்ப நேர்ஸ் மிஸ்ஸிமார் விடுறதில்ல. என்ர கடைசிப் பிள்ளையப் பிறந்த உடனே நெஞ்சில போட்டுட்டாங்க. மாமி வாசல்ல சீனித் தண்ணியோட நிண்டவ." சிரித்துவிட்டு என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். "ஆனா உங்கட மாமி எப்பிடியோ. நீங்க இந்த ஆமை பஸ்ஸில ஏறியிருக்கக் கூடாது."

அவர் பத்துளு ஓயாவில் இறங்கினார். அவர் வாய் பலித்ததோ என்னவோ, மதுரங்குளியில் டயர் வெடித்தது. "பத்து நிமிசம்" என்றார் கொண்டக்டர். ஒன்றேகால் மணித்தியாலம். பின்னால் வந்த பஸ்கள் நிரம்பி வழிந்தன. பாலில்லாத பிளேன்டீ ஒன்று குடித்தேன், வாயில் வைக்கவே கசந்தது. டயரோடும், கொண்டக்டரோடும், கடைசியில் நிஸ்ராவின் மாமியோடும் மனதுக்குள் சண்டை பிடித்தேன். மாமியோடு பிடித்த சண்டைதான் பெரியது. பாலாவி உப்பளத்தைப் படமெடுக்க நினைத்திருந்தேன். அது எந்தப் பக்கம் போனதென்றே தெரியாது.

புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 250 ரூபா. பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டு வாசல் மர வாங்கில் மாமி உட்கார்ந்திருந்தார். "மாமி, புள்ளைக்கு..." என்று தொடங்கினேன்.

"புள்ள விடியத்துல ஈந்தே பால் குடிக்கிது" என்றார் மாமி. "உங்களுக்குக் கோல் எடுத்துட்டு உள்ளுக்குப் போனேன். உம்மாட நெஞ்சில ஒட்டிக்கிட்டு ஈக்கு. மிஸ்ஸி எப்பவோ போட்டுட்டாவாம். நான் என்ன, புடுங்கியா எடுக்க? மூத்தவனோட அவ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"எடுத்தா நீங்க சோறு தின்னுட்டு அந்திக்கு வருவீங்க. வாப்பாட மகன்தானே."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாங்கில் விழுந்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

உள்ளே நிஸ்ரா சாய்ந்திருந்தாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு வேலையில் இருந்தாள். ஈத்தம்பழப் பெட்டியைத் திறந்தேன். பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம், தாய்க்கென்றால் பரவாயில்லை என்றார் மிஸ்ஸி.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: அதிகாலை பஸ்ஸையே பிடியுங்கள். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் பாலாவி உப்பளம் தெரியும் என்கிறார்கள். புதுப் பிள்ளையைப் பார்க்கப் போவதென்றால், யாரும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம், வாசலில் காத்திருக்க வேண்டியது நாம்தான்.

ஈத்தம்பழம் வீணாகவில்லை. நிஸ்ராவின் கை இரண்டும் பிள்ளையோடு இருந்ததால் நான்தான் ஒவ்வொன்றாக ஊட்டினேன். கொட்டையை என் உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இன்னொண்டு தாங்க, நானா. எப்பிடியும் அவளுக்குத்தானே போகுது."