யார் தொட்டது அந்த ஸ்டொப்பரை?

தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. கிளச்சை மிதித்து, லீவரைப் பின்னால் இழுத்துக் கலப்பையைத் தூக்கினேன். கலப்பைக் கொக்கியில் உடைந்த பைப் துண்டு மாட்டியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயத்துக்கும் குடிதண்ணீர் போகிற பைப்.

மலையகத்தில் டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய தேயிலையைப் பிடுங்கிய பள்ளத்து நிலத்தில் உருளைக்கிழங்கு போடத் தீர்மானித்திருந்தார்கள். பைப் குறுக்கே போகும் நிலத்துண்டைத் தவிர மற்றதையெல்லாம் ஆழமாக உழுது முடித்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் ஹைட்ரோலிக் லீவரை முன்னால் தள்ளினால் கலப்பை இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். எவ்வளவு தூரம் தள்ளுகிறோமோ அவ்வளவு ஆழம். லீவர் ஓடும் தடத்தில் ஸ்டொப்பர் என்று ஒரு சின்னத் தடுப்பு உண்டு. திருகைத் தளர்த்தி, வேண்டிய இடத்தில் அதை வைத்து இறுக்கிவிட்டால் லீவர் அதற்குமேல் போகாது. ஒவ்வொரு முறை திரும்பி வந்து இறக்கும்போதும் அதே ஆழம்தான். பைப் போகும் அந்த நிலத்துண்டுக்கு நான் அரைச் சாண் ஆழத்தில் ஸ்டொப்பரை வைத்திருந்தேன்.

வெளிவேலையைப் பார்க்கும் கண்டாக்குக்கு அது பிடிக்கவில்லை.

"என்னய்யா, மேலால சொரண்டிக்கிட்டு இருக்க? ஆழமா போடு."

"அடியில லயத்து பைப் போகுதுங்கய்யா. இதுக்கு மேல எறக்க ஏலாது."

"நீ எனக்குப் படிச்சுக் குடுக்கிறியா?" என்று முறைத்துவிட்டுப் போனார்.

தேத்தண்ணி நேரம் வந்தது. கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, மரத்தடிக்குப் போனேன். திரும்பி வந்து வழக்கம்போல லீவரை ஸ்டொப்பரில் தட்டும்வரை தள்ளினேன். தட்டவே இல்லை. கொஞ்சம் அதிகமாகப் போகிறதே என்று நினைப்பதற்குள் கொக்கி பைப்பில் இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தேன். ஸ்டொப்பர் தடத்தின் கடைசியில் இருந்தது.

கண்டாக்கு ஓடி வந்தார். "கண்ண மூடிக்கிட்டா ஓட்டுன?" என்று கத்தினார். சற்று நேரத்தில் தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையும் ஜீப்பில் வந்து இறங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டாக்கு சொன்னதை மட்டும் கேட்டார்.

"பைப் இருக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க சேர். இவன் கேக்கல."

என் வார்த்தையை எடுத்து என் மேலேயே வீசினார் அந்த மனுசன்.

"நாளைல இருந்து இவன டிராக்டர்ல ஏத்தாதீங்க" என்றார் தொரை.

அப்போதுதான் கல் பொறுக்கிக்கொண்டிருந்த புஷ்பம் கூடையைக் கீழே வைத்தாள். கொழுந்து எடுக்கிறவள்; அன்றைக்குக் கல் பொறுக்க அனுப்பியிருந்தார்கள்.

"தொரை, அண்ணன் தேத்தண்ணிக்குப் போனப்ப கண்டாக்கையா தான் அதுல ஏறுனாரு. லீவர்கிட்ட என்னத்தையோ திருகுனாரு. சும்மா பாக்குறாருன்னு நெனச்சேன்."

"ஒன்னைய யாரு கேட்டா?" என்று பாய்ந்தார் கண்டாக்கு.

"யாரும் கேக்கலைங்க. தண்ணி எங்க வீட்டுக்கும் தான் வரணும்."

தொரை கண்டாக்கின் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல பைப்ப ஒட்டுங்க" என்றபடி ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான் விசாரணை! என் தலை தப்பியது. பொய் சொன்னவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பைப்பை ஒட்டும்வரை பெண்கள் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் வேலை பிரித்தபோது கண்டாக்கு தன் வேலையைக் காட்டினார். கொழுந்துக்காரிகள் எல்லோரையும் பக்கத்து மலைக்கு அனுப்பிவிட்டு, புஷ்பத்தை மட்டும் தனியாக உச்சி மலைக்குப் போகச் சொன்னார். அட்டை மொய்க்கும் செங்குத்தான இடம். வழுக்கி விழுந்தால் கூப்பிடக்கூட ஆள் இல்லை. அவள் கூடையை எடுத்து மாட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டிராக்டர் சாவியைக் கண்டாக்கின் மேசையில் வைத்தேன். "அவங்க தனியா போறதுன்னா நான் வண்டி எடுக்க மாட்டேங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் கொழுந்துக்காரிகள் கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "அவ எங்க போறாளோ அங்கதான் நாங்களும் போவோம். இல்லாட்டி இன்னைக்குக் கொழுந்து இல்ல."

கொழுந்து வரவில்லை என்று ஃபெக்டரியில் இருந்து தொரைக்குப் போன் போனது. அதற்குப் பிறகுதான் புஷ்பத்தை மற்றவர்களோடு அனுப்பினார்கள். பைப் உடைந்தபோது வராத அவசரம் கொழுந்து நின்றபோது வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கண்டாக்கு இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்டதில்லை. "டிரைவர் ஒடைச்ச பைப்" என்றுதான் இன்னும் சொல்லித் திரிகிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சீட்டை விட்டு இறங்கித் திரும்ப ஏறினால், லீவரைத் தொடுமுன் ஸ்டொப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள். நீங்கள் வைத்த இடத்தில்தான் அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அப்படியும் பழி உங்கள் மேல் விழுந்து, உங்களுக்காக ஒருத்தி வாய் திறந்தால், அவளைத் தனியாக மலை ஏற விடாதீர்கள்.