ஐந்தாம் நாளா, ஆறாம் நாளா

செத்தவர்கள்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று பூசையில் சொல்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன். எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார் செத்துப் பல வருஷமாகிறது. ஒவ்வொரு நவம்பரும் அவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, அவர் ஆத்துமாவுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். வரும்போது கோபத்தையும் கூடவே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். இரண்டையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் பத்தாவதோடு நின்றவள். மீன்தான் மனுஷனாக ஆனதா என்று தீர்ப்புச் சொல்கிற படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்தது ஒரு பால்பவுடர் டப்பாவின் கதை மட்டும்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. அந்தமானில், கராச்சர்மாவில் தகரக்கூரை வீடு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து இங்கே மீன்பிடித்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். மெயின்லாண்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிற சார்களை, டுங்கி என்று நாங்கள் சொல்கிற சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு, கடல்தண்ணீர் ஏறி வற்றுகிற க்ரீக்குக்குள் கொண்டுபோய்க் காட்டுவது அவர் வேலை. டுங்கியைத் தள்ளுவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்ளாமல் ஒருநாளும் அவர் கால் தண்ணீரில் பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் அவரை அவிசுவாசி என்றார்கள்.

தண்ணீர் வற்றிய ஒரு மத்தியானம் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் ஒரு மீனைக் காட்டினார். மீன்தான், ஆனால் தண்ணீருக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. உச்சந்தலையில் இரண்டு கண்கள். முன்னால் இருக்கிற இரண்டு துடுப்பையும் ஊன்றி, தவழப் பழகுகிற பிள்ளை மாதிரி உந்தி உந்திப் போனது. ஒரு வேரில் ஏறிக்கூட உட்கார்ந்தது. ஒரு சார், செத்த மீன் ஒன்றின் துடுப்பை விரித்து, உள்ளே முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருப்பதை மாமாவுக்குக் காட்டினாராம். ஆதியில் இந்த மாதிரிச் சில மீன்கள் கரையேறி, கோடிக்கணக்கான வருஷத்தில் துடுப்பு காலாகி, அதிலிருந்துதான் ஆடும் மாடும் நாமும் வந்தோம் என்று சார்கள் சொல்வதாக மாமா சொன்னார். அது நிஜமா என்று கேட்டேன்.

மாமா தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது குட்டி. ஆனா இது நடக்குது, பாத்தியா? நடக்குதுங்கிறது நெசம்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் படைப்புப் பாடம் என்று எனக்குத் தெரியும். ஒரு மீனைச் சேற்றோடு பால்பவுடர் டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, கராச்சர்மாவிலிருந்து டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் வகுப்பு. ஐந்தாம் நாளில் மீன்களையும் பறவைகளையும், ஆறாம் நாளில் தரையில் நடப்பவற்றையும் ஆண்டவர் படைத்தார் என்று உபதேசியார் சொல்லி முடித்ததும், நான் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து, "இது எந்த நாள் உபதேசியாரே?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. ஐந்தில் எழுதுவதா ஆறில் எழுதுவதா என்று தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். மீன் விளிம்பில் ஏறி, துள்ளி, அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். வந்த வினையெல்லாம் அந்த வேட்டிக் கறையால்தான் வந்தது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருட்டி இதக் கொடுத்தது?"

மாமா என்றேன். மாமா சொன்னதையெல்லாம், அந்த முழங்கை மடிப்பு வரைக்கும், பெருமையாக ஒப்பித்தேன்.

"அப்படியா? இன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒங்க மாமனுக்கு வால் இருக்கான்னு பாத்துட்டு வா. இருந்துச்சின்னா கோயில் வேண்டாம், ஒரு சீப்பு வாழப்பழம் போதும் அவனுக்கு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் என் காதில் கேட்பது என் சிரிப்புதான்.

பெரிய பையன் ஒருவனிடம் மீனை வெளியே வெயிலில் கொட்டச் சொன்னார். அது காய்ந்த மண்ணில் கையூன்றிக் கையூன்றி, சாக்கடை வரைக்கும் நடந்தே போய் இறங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உபதேசியாரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தார்.

வானத்தையும் பூமியையும் படைத்தவரை ஒரு விரல் நீளத்து மீனிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று இவருக்கு யார் உத்தரவு கொடுத்தது? அன்றைக்குக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சாயங்காலம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் தம்பி பிறந்து இரண்டு மாசம். அந்த மாசம் நான்காம் ஞாயிறு எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள்; அதே நாளில் தம்பிக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. பிள்ளையைத் தூக்கி நிற்கிற ஞானத்தகப்பன் மாமாதான். தம்பி அம்மா வயிற்றில் இருக்கும்போதே பேசிவைத்தது அது. தாய்மாமன் தூக்காத பிள்ளையை யார் தூக்குவது? வெள்ளைச் சட்டையும் வெள்ளி அரைஞாணும் அவர் வாங்கி வந்து பெட்டியில் வைத்தாகிவிட்டது.

உபதேசியார் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். மீனுக்குப் பிறந்தவன் என்று சொல்லித் திரிகிறவன் பெயரை ஞானத்தகப்பன் என்று புத்தகத்தில் எழுத முடியாது. தான் சொன்னதெல்லாம் பொய் என்று வாயால் சொல்லிவிட்டால் எழுதலாம். இது ஃபாதரின் உத்தரவு.

அந்தக் கடைசி வார்த்தையில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஃபாதர் ராஞ்சிப் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அப்பாவுக்கு மீன் விற்கிற அளவுக்கு இந்தி வரும், சாமியைப் பற்றிப் பேசுகிற இந்தி வராது. நாங்கள் ஃபாதரிடம் சொல்வதும் ஃபாதர் எங்களிடம் சொல்வதும் உபதேசியார் வாய் வழியாகத்தான். அவர் ஃபாதரின் உத்தரவு என்றால் உத்தரவுதான்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு மாப்ள. வார்த்ததான" என்றார் அப்பா.

மாமா வாசற்படியில் நின்றார். "நான் பாத்தத பாக்கலன்னு சொல்லணுமா உபதேசியாரே? பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு நீங்கதான எனக்குப் படிச்சிக் கொடுத்தீங்க?"

உபதேசியார் அப்பாவைப் பார்த்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையை விரித்தார். அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "அக்கா சொன்னா சொல்லிர்றேன்" என்றார் மாமா. அம்மா சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபாதரைப் போய் நேரில் பாரேன் என்று அப்பா மெதுவாகச் சொன்னதற்கு, உத்தரவே போட்டுவிட்டவர் காலில் போய் விழமாட்டேன் என்று சொல்லிவிட்டு மாமா டுங்கிக்குப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு தண்டனை உண்டு. மீன் விஷயத்தை, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனத்தில் நான் பாவமாகச் சொல்லவேண்டும். அதோடு, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற அந்த மரக்கூண்டில் பேசியது அங்கேயே சாகவேண்டும் என்று உபதேசியார் எங்களுக்குப் பாடம் நடத்தினார். வெளியே சொன்னால் சாவான பாவம். அப்படிச் சொன்ன ஒரு பெண்ணின் நாக்கு கறுத்துப்போய், நன்மை வாங்கப் போனபோது சேசு அந்த நாக்கில் இறங்க மறுத்துவிட்டாராம். பாவசங்கீர்த்தனம் முடிந்த மறுநாள் காலையில் என் நாக்கில் சேசு இறங்கவேண்டும்.

சனிக்கிழமை தொட்டியருகில் முழந்தாளிட்டேன். எங்கள் வீட்டில் ஃபாதரோடு நேராகப் பேசக்கூடிய ஆள், மாமாவை விட்டால், பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கிற நான் ஒருத்திதான். பொய் சொன்னது, அம்மாவை எதிர்த்துப் பேசியது எல்லாம் சொல்லிவிட்டு, நடக்கிற மீனைக் கோயிலுக்குக் கொண்டுவந்தேன், மாமா சொன்னதை நம்பினேன் என்றேன்.

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் குனிந்து கிட்டே வந்தார். பிறகு, மீன் நிஜமாகவே நடக்கிறதா, எவ்வளவு பெரிசு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். தன் ஊரில் கல்லை உடைத்தால் உள்ளே இலையின் அச்சு இருக்கும் என்றார். இப்போது எந்த மரத்திலும் இல்லாத இலை. எத்தனை காலத்துக்கு முந்தியதோ, அதையும் ஆண்டவர்தான் வைத்தார், அவருக்கு என்ன அவசரம் என்று சிரித்தார். "யே பாப் நஹீ ஹை, பேட்டி." இது பாவமே இல்லை மகளே. பாவம் என்று உனக்கு யார் சொன்னது?

நீங்கள்தான் ஃபாதர், என்றேன். உங்கள் உத்தரவால்தான் மாமா ஞானத்தகப்பனாக நிற்க முடியாது.

நாற்காலி கிறீச்சென்றது. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். பிறகு மிகவும் மெதுவாக, வெளியே மரத்தடியில் நிற்பேன், இதையே அங்கே வந்து இன்னொரு தடவை என்னிடம் சொல்லுவாயா என்று கேட்டார்.

தொட்டியில் சொன்னதை வெளியே வந்து சொல்லச் சொல்கிறாரே. இது சோதனை. நாக்கு கறுக்கிறதா என்று பார்க்கிறார். மற்றப் பிள்ளைகளை முடித்துவிட்டு அவர் சொன்னபடியே மரத்தடியில் வந்து நின்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். பேட்டி என்று கூப்பிட்டார். ஓடிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் மாமா தின்ன மனமில்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உத்தரவே இல்லை மாமா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். எதிரில் உட்கார்ந்து நானும் சோற்றைப் பிசைந்தேன்.

போன வருஷம் என் மகள் புதுநன்மைக்குப் படித்தாள். அவளுக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் பிள்ளைகளிடம் சாதாரணமாகச் சொன்னார்: பாவசங்கீர்த்தனத்தின் பூட்டு ஃபாதர் வாய்க்குத்தான், உங்கள் வாய்க்கு இல்லை. நீங்கள் சொன்னதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் ஷெட்டுக்கு வெளியே மகளின் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டியில் கேட்டதை வைத்துக்கொண்டு அன்றைக்கு அந்த ராஞ்சி ஃபாதரால் உபதேசியாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க முடியாது. நான் வந்து வெளியே சொன்னால்தான் உண்டு. மாமா மாயாபந்தரில் செத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டைவிட்டு வடக்கே அந்த ஊருக்குப் போனவர் போனவர்தான், கடைசிவரைக்கும் எங்கள் கோயில் படியை மிதிக்கவில்லை.

என் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளைக் கவுனும் முக்காடுமாக முதல் வரிசையில் இருந்தேன். சேசு என் நாக்கில் இறங்கிவிட்டார், மறுக்கவில்லை. பூசை முடிந்து ஞானஸ்நானம். மாமா வாங்கி வந்த சட்டையைத்தான் அம்மா தம்பிக்குப் போட்டிருந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு நின்றவர் உபதேசியார். வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் அப்பா அவரையே கேட்க, அவரும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டிருந்தார்.

ஃபாதர் பிள்ளையைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். எல்லாவற்றையும் தமிழில் திருப்பிச் சொல்கிற உபதேசியார், அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. ஃபாதர் மறுபடியும் கேட்டார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் கடைசிச் சோதனை. நாக்கை மேலண்ணத்தில் இறுக்கி ஒட்டிக்கொண்டு, இதிலும் நான் தோற்கமாட்டேன் என்று காட்டுவதற்காக, அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். ஃபாதர் குனிந்து சிப்பியில் தண்ணீர் மொண்டார்.

திறந்திருந்த கதவு வழியாகக் கேட் தெரிந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தார்.